முன்சக்கரங்கள் சொன்ன பதில்

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் லேத்துக்காரர் எழுந்து போய்விடுவார். இரும்பைக் கடைந்து பிழைக்கிறவர் அவர். கண்ணால் பார்த்ததையே அளவுகோல் வைத்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் நம்புகிற ரகம். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு சாயங்காலம் ரிமோட்டில் ஓடும் பொம்மை லாரி ஒன்றின் முன்னால் நின்று, "நீயாடா?" என்று கேட்டார். அவரே அப்புறம் நினைத்துப் பார்த்து வெட்கப்பட்டார். ஆனாலும் கேட்டது கேட்டதுதான்.

லாரி அவருடைய வேலை மேசைமேல், நான்கு சக்கரமும் அந்தரத்தில் நிற்கும்படி ஒரு கட்டைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கியரைச் சரிபார்ப்பதற்காக பாட்டரி மாட்டியிருந்தார். அவருடைய ரிமோட் மேசை இழுப்பறையில், ஆஃப் செய்தபடி கிடந்தது. யாரும் தொடவில்லை, யாரும் பக்கத்தில்கூட இல்லை. முன்சக்கரங்கள் இரண்டும் முனகிக்கொண்டே இடப்பக்கம் திரும்பின. கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு, ஏதோ யோசித்து முடிவு பண்ணினதுபோல, மெதுவாக நேராயின.

முதல் நாள் ஒயரைத் திட்டினார். இரண்டாம் நாள் ரிமோட்டின் கட்டளையை வாங்குகிற ரிசீவரைத் திட்டினார். மூன்றாம் நாள் திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. பொழுது சாயும் நேரம் வந்தால், கட்டைமேல் இருக்கிற லாரி தன்பாட்டுக்கு முன்சக்கரங்களைத் திருப்பிக்கொண்டிருந்தது. ஓடவே ஓடாது. திரும்பும், அவ்வளவுதான்.

அந்த லாரி அவருடையது இல்லை, தம்பியுடையது. வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் முழங்கை நீளத்துக்கு இருக்கும் இந்த ரிமோட் லாரியைத் தூக்கிக்கொண்டு எங்காவது கல்லும் மேடுமாகப் பார்த்துப் போய்விடுவான். கடையில் விற்கிற வேகமான வண்டிகளில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். இது அப்படியில்லை. நிஜ லாரி மாதிரி, இந்தப் பக்கச் சக்கரத்திலிருந்து அந்தப் பக்கச் சக்கரம்வரை ஒரே கட்டை ஆக்சில். ஒரு சக்கரம் கல்மேல் ஏறினால் மறு சக்கரமும் சேர்ந்து சாயும். மெதுவாக ஓட்டினால் ராஜா. வேகமாக விட்டால் துள்ளும், குட்டிக்கரணம் போடும், கடைசியில் ஆக்சில் முறியும். சின்னவனுக்கோ கட்டை ஆக்சிலும் வேண்டும், வேகமும் வேண்டும். அந்த விஷயத்தில் அவன் பிடித்த முயலுக்கு எத்தனை கால் என்று அவனோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை.

பெட்டியோடு வந்த ஆக்சில் கம்பி மெழுகு மாதிரி மெத்தென்ற உலோகம். "எஃகுல ஒண்ணு கடைஞ்சு குடுண்ணே" என்று அவன் கேட்டான். அண்ணன் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அடுத்த வாரமும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். எஃகுக் கம்பியை வெட்டிக்கூட வைத்திருந்தார். பட்டறையில் அவருடைய அலமாரியிலேயே, துரு ஏறாமல் இருக்க எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கிடந்தது. கடைவதற்குச் சாப்பாட்டு நேரம் ஒன்று போதும். அந்த ஒரு சாப்பாட்டு நேரத்தை அவர் கொடுக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சாலை போகிறது. கிடங்குகளுக்குப் போகிற பெரிய வண்டிகள் அந்த வழியாகத்தான் போகும். ஒரு மாலை சின்னவன் அந்தச் சாலைக்குக் குறுக்கே, அந்தப் பக்கத்து மண்மேட்டுக்கு லாரியை விட்டான். நடுச்சாலையில் ஆக்சில் முறிந்து லாரி அப்படியே நின்றுவிட்டது. எடுக்கப் போனான். வளைவில் வந்த சரக்கு வண்டிக்காரனுக்குக் குனிந்திருந்தவனைத் தெரியவில்லை.

இதற்குமேல் அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மாடியில் சின்னவனும் அவன் மனைவியும், கீழே லேத்துக்காரரும் அவர் மனைவியும் என்றுதான் அந்த வீடு பல வருஷமாக நடந்துவந்தது. இப்போது மாடியில் அவள் மட்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. காலையில் போவாள், சாயங்காலம் வருவாள், படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் அவள் முறிந்த லாரியை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, "நீங்களே வச்சுக்கங்க மாமா" என்று வைத்துவிட்டுப் போனாள். ரிமோட் எங்கேம்மா என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றாள். அன்றைக்கு இருந்த கலவரத்தில் சாலையிலேயே நசுங்கிப் போயிருக்கும் என்று அவரும் விட்டுவிட்டார்.

அன்று இரவே எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தார்.

முதலில் ஆக்சிலைக் கடைந்தார். பட்டறை உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியெடுத்தார். அது உள்ளே ஓடுகிற உறைக்கு அடியில் ஒரு பட்டையை வைத்துத் திருகாணி முடுக்கினார், விழுந்தாலும் உறை வளையக் கூடாதென்று. ஆக்சிலைச் சட்டத்தோடு பிணைக்கிற நான்கு கம்பிகளையும் நீளமாக்கினார். குட்டையாக இருந்தால் வேகம் கொடுத்த மாத்திரத்தில் ஆக்சில் முறுக்கிக்கொண்டு எம்பும். அது பக்கவாட்டில் நகராமல் குறுக்கே ஒரு கம்பி. பாட்டரியை அடிவயிற்றுக்கு இறக்கினார். சக்கரங்களை அகல வைத்தார். துள்ளலை அடக்கும் குழாய்களில் இருந்த தண்ணியான எண்ணெயைக் கொட்டிவிட்டுக் கெட்டியானதை ஊற்றினார். வேகமான மோட்டார் போட்டு, இரண்டு கியருக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டைச் செருகி இறுக்கி, காகிதத்தை உருவி, பல்லோடு பல் எவ்வளவு இடைவெளியில் கடிக்கிறதென்று விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"பெத்த புள்ளைக்கு இப்படிப் பல்லு பாத்ததில்ல" என்றாள் அவர் மனைவி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அது அவளுக்கே உரிய கேலி, அவளைத் தவிர வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும்.

சக்கரம் தானாகத் திரும்புகிற விஷயத்தை அவளிடம்தான் முதலில் சொன்னார். அவள் சமையலறையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பேய்க்கு பாட்டரி சார்ஜ் போட்டுக் கொடுப்பது யார் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. போட்டுக் கொடுத்தது அவரேதான். சாயங்காலம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாட்டரியை மாட்டி, லாரியைக் கட்டைமேல் வைத்து, எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பட்டறையில் கூடுதல் வேலை என்றால் முடியாது என்று சொல்லிவிட்டு வர ஆரம்பித்தார். பின்கதவைத் திறந்து வைத்துக்கொள்வார், காற்றுக்காக என்று.

பேச ஆரம்பித்ததும் அப்போதுதான். முதலில் "நீயாடா?" என்றதோடு சரி. பிறகு பட்டறைக் கதை, மேஸ்திரியைப் பற்றிய புலம்பல், லாரிக்கு என்ன செய்திருக்கிறேன் பார் என்ற பெருமை. சின்னவன் உயிரோடு இருந்தபோது அவனிடம் இத்தனை வார்த்தை பேசியதில்லை. சில நாள் சக்கரம் பேச்சுக்கு நடுவே திரும்பும், சில நாள் அவர் முடிக்கும்வரை காத்திருந்து திரும்பும். கேட்கிறான் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. பயமும் இருந்தது. முதுகில் சில்லென்று ஏறும், அறைக்குள் இன்னொரு மூச்சு இருப்பதுபோல இருக்கும். ஆனாலும் எழுந்து போக மனசு வராது.

ஒரு நாள் கேட்டே விட்டார். நேற்றுவரை தொண்டைக்குள்ளேயே கிடந்தது அது.

"அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லியே உன்னக் கொன்னுட்டேன்டா. என்மேல கோவமா?"

வெகுநேரம் ஒன்றும் அசையவில்லை. அப்புறம் முன்சக்கரங்கள் இடப்பக்கம் போயின, வலப்பக்கம் போயின, மறுபடி இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். யாரோ தலையை ஆட்டி, இல்லை, இல்லை என்பதுபோல. லேத்துக்காரர் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அன்று இரவு மாதக்கணக்கில் இல்லாத தூக்கம் தூங்கினார்.

லாரியும் தேறிவிட்டது. ஊரோரத்துக் காலி மைதானத்தில் ரிமோட் வண்டிக்காரர்கள் கூடுவார்கள், அங்கே கொண்டுபோனார். கழுத்தில் எந்நேரமும் ஒயர்ச் சுருள் மாட்டியிருப்பதால் 'ஒயர்' என்று பேர் வாங்கின ஒருவர் அங்கே உண்டு. சின்னவனின் சிநேகிதர். தொலைந்த ரிமோட்டுக்குப் பதிலாக அதே ரகப் பழைய ரிமோட்டை லேத்துக்காரருக்குத் தேடிக் கொடுத்தவரும் அவர்தான். லாரி முழு வேகத்தில் கற்களின்மேல் போய், ஒரு மேட்டில் எகிறி, ஒற்றைச் சக்கரத்தில் இறங்கி, ஒன்றும் நடக்காததுபோல ஓடியதைப் பார்த்து ஒயர் வாயைப் பிளந்தார். கட்டை ஆக்சில் இப்படி ஓடி நான் பார்த்ததில்லை என்றார்.

மைதானத்தில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. கயிற்றில் நம்பர் போட்ட துணிக் கவ்விகள் தொங்கும். பழைய ரிமோட் செட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைவரிசை நம்பர். ஒரே நம்பரில் இரண்டு ரிமோட் இருந்தால் வண்டி இரண்டு பேர் பேச்சையும் கேட்கும். அதனால் உன் நம்பர்க் கவ்வியை எடுத்துச் சட்டையில் மாட்டிக்கொண்டுதான் ரிமோட்டை ஆன் பண்ண வேண்டும். இப்போது எல்லோரும் புது செட்டுக்கு மாறிவிட்டார்கள், அதில் இந்தத் தொல்லை கிடையாது. கயிற்றில் கவ்வி எடுக்கிற ஆள் லேத்துக்காரர் ஒருவர்தான்.

"இந்த வேகத்துக்கு இந்த செட்டு ஆபத்துண்ணே" என்றார் ஒயர். "உங்க நம்பர்ல வேற யாராவது ஆன் பண்ணிட்டா, வண்டி அவங்க கைக்குப் போயிரும்."

லேத்துக்காரர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, வீட்டில் சாயங்காலமானால் சக்கரம் தானாகத் திரும்புகிறது என்று சும்மா சொல்வதுபோலச் சொன்னார். ஒயர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பக்கத்தில் யாரோ அதே நம்பர் வைத்திருக்கிறார்கள், வேறென்ன என்றார். வீட்டில் யார் கவ்வி மாட்டுகிறார்கள் என்று சிரித்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு புது செட்டை எடுத்துக் கையில் திணித்தார். இன்றைக்கே மாற்றிவிடுங்கள் என்றார்.

லேத்துக்காரர் முட்டாள் இல்லை. கூட்டினால் விடை வருகிற கணக்கு அது. ஆனால் அவர் கூட்டவில்லை. புது செட்டை இழுப்பறையின் அடியில், பழைய துணிக்குக் கீழே வைத்தார். அதை மாட்டினால் சாயங்காலங்கள் போய்விடும். சின்னவன் இரண்டாம் தடவை போய்விடுவான். ஆபத்தாவது ஒன்றாவது என்று இழுப்பறையைச் சாத்தினார்.

அன்று மைதானத்திலிருந்து வந்த கையோடு லாரியைக் கட்டைமேல் ஏற்றாமல், மண்ணைத் தட்டிப் பின்கதவு வாசலில் தரையிலேயே வைத்திருந்தார். பாட்டரி மாட்டியே இருந்தது. பொழுது சாய்ந்தது. மாடியில் காலடிச் சத்தம் கேட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் முன்சக்கரங்கள் அசைந்தன. அவர் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மைதானத்தில் நடந்ததையெல்லாம் சொன்னார். ஒயர் வாயைப் பிளந்ததைச் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு குரல் உடைந்தது.

"நீ ஆசைப்பட்ட மாதிரியே செஞ்சிருக்கேன்டா. நீ ஓட்டி நான் பாக்கல. திருப்பித் திருப்பிக் காட்டுறியே, ஒரு தடவை ஓட்டிக் காட்டேன். ஒரே ஒரு தடவை. அப்புறம் உன்னத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

சக்கரங்கள் நேராகி நின்றன. முனகல் சத்தம்கூட அடங்கியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

லாரி பாய்ந்தது. அவர் கையை நீட்டுவதற்குள் வாசல்படியைத் தாண்டி, முற்றத்தைக் கடந்து, திறந்திருந்த பின்கேட் வழியாக வெளியே போய்விட்டது. மேலே ஜன்னலில் யாரோ மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. லாரியின் வேகம் அறுந்தது, ஆனால் அவ்வளவு வேகத்தில் போனது உடனே நிற்குமா? உருண்டு உருண்டு போய்ப் பின்பக்கச் சாலையின் நடுவில், அந்த வளைவுக்கு முன்னால் நின்றது.

லேத்துக்காரர் ஓடினார். அந்த வயசுக்கு அப்படி ஓடியிருக்கக் கூடாது. அவருக்குச் சாலை தெரியவில்லை, வளைவு தெரியவில்லை, காதில் விழுந்த கனத்த இஞ்சின் சத்தம் என்னவென்று உறைக்கவில்லை. நடுச்சாலையில் சின்னவனின் லாரி நிற்கிறது, எடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்குள் இருந்தது.

"மாமா, அங்கயே நில்லுங்க!"

அந்தக் குரலில் அவருடைய கால் சாலை விளிம்பில் தானாக நின்றது. ஒரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அந்தக் குரலில் பேசவில்லை.

"எடுக்கப் போகாதீங்க. நான் கொண்டு வரேன். நில்லுங்க மாமா."

திரும்பிப் பார்த்தார். மாடி ஜன்னலில் தம்பி மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் இரண்டு கையிலும் சின்னவனின் ரிமோட். சாலையில் லாரி பின்னோக்கி உதறி நகர்ந்தது. ஓட்டத் தெரியாதவள் ஓட்டுகிறாள் என்பது அதன் ஒவ்வொரு அசைவிலும் தெரிந்தது. நின்றது, கோணலாகத் திரும்பியது, அவரை நோக்கி வந்தது. வளைவில் சரக்கு வண்டியின் விளக்கு வந்துவிட்டது. அவள் விசையை முழுசாக இழுத்திருப்பாள். லாரி சீறிக்கொண்டு வந்து, ஓரத்துக் கல்லில் ஒற்றைச் சக்கரத்தால் அடித்து, எகிறி, அவர் காலடியில் பக்கவாட்டில் விழுந்து, தானே புரண்டு எழுந்தது. சரக்கு வண்டி ஹாரன் அடித்தபடி கடந்துபோனது. அதன் காற்றில் அவர் சட்டை படபடத்தது.

அவர் குனிந்து ஆக்சிலைத் தடவிப் பார்த்தார். நேராக இருந்தது.

அவள் செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடிவந்தாள். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார், வந்தது கோபம்.

"இத்தனை நாளா நீதானாம்மா? நான் பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டு, என்ன வச்சு விளையாடினியா?"

அவள் அழவில்லை. ரிமோட்டை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அதைக் கொடுக்க மனசு வரவில்லை என்றாள், முதலில் வேறெதற்கும் இல்லை, புருஷன் கை பட்ட இடம் என்று அதிலிருக்கிற சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாளாம். ஒரு நாள் திருப்பினபோது கீழே ஏதோ முனகியதாம். ஜன்னலுக்கு நேர் கீழே திறந்த கதவு. அடுத்து 'நீயாடா' என்று மாமாவின் குரல். ரிமோட்டைத் தூர எறிந்துவிட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாளாம். மறுநாள் எடுக்கக் கூடாது என்று நினைத்தாளாம். கீழே அவர் முக்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டதாம். கேட்டுவிட்டு எப்படி எடுக்காமல் இருப்பது என்றாள்.

"ஓட்டுற விசையத் தொட்டதே இல்ல மாமா. அது மேல அவ்வளவு பயம். இன்னிக்கு நீங்க அப்படிக் கேட்டீங்க, இழுத்துட்டேன். உங்களையும் கொன்னிருப்பேன்."

லேத்துக்காரருக்கு அது காதில் சரியாக விழவில்லை. அவர் வேறொன்றில் மாட்டிக்கொண்டு நின்றார். சின்னவன் வரவே இல்லை. ஒரு நாளும் வரவில்லை. அவர் அழுதது, சிரித்தது, நிம்மதியாகத் தூங்கியது எல்லாம் ஒரு பழைய செட்டின் நம்பரை நம்பி.

"அப்ப அவன் கோவம் இல்லன்னு சொன்னது..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

"அது அவர் சொல்லல" என்றாள் அவள். "அவர் சொல்லுவாரா மாட்டாரான்னு எனக்குத் தெரியாது. நான் சொன்னேன். அன்னிக்கு ரொம்ப நேரம் யோசிச்சுத்தான் சொன்னேன். முதல்ல கோவம் இருந்துச்சு மாமா. அலமாரில கம்பி இருந்துச்சுன்னு அக்கா சொல்லிக் கேட்டப்ப ரொம்ப இருந்துச்சு. அப்புறம் இல்ல."

இருட்டிக்கொண்டு வந்தது. அவர் மனைவி கேட்டருகே வந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றுவிட்டாள். லேத்துக்காரர் லாரியின் அடியில் கைவிட்டு பாட்டரியைக் கழற்றினார். தம்பியிடம் எத்தனையோ சாயங்காலம் மன்னிப்புக் கேட்டாயிற்று. தலைக்கு மேலே தனியாகக் குடியிருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கத்தில் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பார்த்தார்.

"உன்கிட்ட நேரா ஒரு தடவ சொல்லிடறேம்மா" என்றார்.

அவள் தலையசைத்தாள். அவர் சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்தார். அவளும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். தம்பி முதல் தடவை வந்து கேட்ட நாளிலிருந்து ஆரம்பித்தார். கம்பி வெட்டினதைச் சொன்னார், எண்ணெய்க் காகிதத்தைச் சொன்னார். 'அடுத்த வாரம்' என்ற இடம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே வந்து நின்றார்.

"பரவால்ல மாமா" என்றாள். "மெதுவா சொல்லுங்க."